அமெரிக்காவில் வாத்திய இசை ஆசிரியர் பட்டம்: பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தைப் பாருங்கள்

பள்ளி பேண்டில் ஆறாம் வகுப்பிலிருந்து கிளாரினெட்டோ ட்ரம்பெட்டோ வாசித்து வளர்ந்த பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும் "நான் பேண்டு டைரக்டர் ஆகப் போறேன்" என்று சொன்னால், டாலஸிலும் எடிசனிலும் உள்ள தமிழ் வீடுகளில் எழும் முதல் கேள்வி: இதுக்குப் பெரிய பேர் எந்த யூனிவர்சிட்டி? இன்ஜினியரிங்குக்குப் பழகிய கேள்வி இது. இந்தப் பட்டத்துக்கு அது அவ்வளவாக உதவாது. ஒரு வாத்தியத்தை அற்புதமாக வாசிக்கும் கலைஞர்களை உருவாக்கிப் பெயர் வாங்கிய பல்கலைக்கழகமே, முப்பது ஆரம்ப மாணவர்களைக் கையாளத் தெரியாத ஆசிரியரையும் வெளியே அனுப்பலாம். பட்டத்தின் மதிப்பை முடிவு செய்வது வேறு சில விஷயங்கள். அவற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சில இடங்களில் இதன் பெயர் பேச்சலர் ஆஃப் மியூசிக் எஜுகேஷன். வேறு இடங்களில் பேச்சலர் ஆஃப் மியூசிக் பட்டத்துக்குள் இசைக் கல்வி ஒரு பிரிவு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நான்கு ஆண்டு, 120 முதல் 135 கிரெடிட் வரை. முடிவில், உரிமத் தேர்விலும் தேறினால், அந்த மாநிலத்தின் ஆசிரியர் உரிமம் கிடைக்கும். பெரும்பாலான மாநிலங்களில் மழலையர் வகுப்பு தொடங்கி பன்னிரண்டாம் வகுப்பு வரை இசை கற்பிக்க அது செல்லும். 1924-இல் தொடங்கிய தேசிய இசைப் பள்ளிகள் சங்கம் அங்கீகாரம் தருகிறது. அதன் வழிகாட்டுதல்படி மொத்தப் பாடத்தில் பாதியாவது இசையாக இருக்க வேண்டும். 30 முதல் 35 சதவீதம் பொதுப் பாடங்கள். 15 முதல் 20 சதவீதம் ஆசிரியப் பயிற்சி. அங்கீகாரம் இருந்தால் அடிப்படைக் கட்டமைப்பு சரியாக இருக்கும் என்று நம்பலாம். ஆனால் அந்தப் "பாதி இசை" எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பெரிய வித்தியாசம் உண்டு.

கிரெடிட் கணக்கு ஏமாற்றும்

பெற்றோர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். மற்ற துறைகளில் மூன்று கிரெடிட் என்றால் வாரம் மூன்று மணி நேர வகுப்பு. இசைத் துறையில் அந்தக் கணக்கு ஓடாது. முதலாண்டு இலையுதிர் செமஸ்டர் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: இசைக் கோட்பாடு 3 மணி, 3 கிரெடிட், செவிப்பயிற்சி 2 மணி, 1 கிரெடிட், பியானோ வகுப்பு 2 மணி, 1 கிரெடிட், இரண்டாம் வாத்திய வகுப்பு (தன் முதன்மை வாத்தியம் அல்லாதவற்றைக் கற்பது) 3 மணி, 1 கிரெடிட், தனிப்பாடம் 1 மணி, 2 கிரெடிட், கச்சேரி பேண்டு 5 மணி, 1 கிரெடிட், மார்ச்சிங் பேண்டு (மைதானத்தில் அணிவகுத்து வாசிப்பது) 7 மணி, 1 கிரெடிட், பொதுப் பாடம் இரண்டு, 6 மணி, 6 கிரெடிட். கூட்டினால் தாளில் 16 கிரெடிட்; வாரத்தில் 29 மணி நேரம் வகுப்பறையிலும் மைதானத்திலும். தினசரி இரண்டு மணி நேரச் சாதகம் இதில் சேரவில்லை. சனிக்கிழமை ஃபுட்பால் ஆட்டமும், ஆகஸ்டில் வகுப்புகள் தொடங்கும் முன்பே நடக்கும் மார்ச்சிங் முகாமும் சேரவில்லை. மற்ற மாணவர்களின் கச்சேரிகளுக்குப் போய் வருகைப் பதிவு கொடுக்க வேண்டிய பூஜ்ய கிரெடிட் வகுப்பும் ஏறக்குறைய ஒவ்வொரு செமஸ்டரிலும் உண்டு.

16 கிரெடிட்தானே என்று பகுதிநேர வேலையில் 20 மணி நேரம் ஒப்புக்கொள்ளும் மாணவர் அக்டோபருக்குள் திணறிப் போவார். முதலில் அடிபடுவது சாதகம். அடுத்தது கோட்பாட்டுப் பாடம்.

கோட்பாடு அடிபட்டால் விளைவு பெரிது. கோட்பாடு ஒன்று முதல் நான்கு வரை சங்கிலி போல வரும். பல இடங்களில் ஒன்றாம் பாகம் இலையுதிர் காலத்தில் மட்டுமே நடக்கும். அதில் தவறினால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். நான்கும் முடிந்தால்தான் கண்டக்டிங், அதாவது கையசைத்துக் குழுவை நடத்தும் வகுப்பு. கண்டக்டிங் முடிந்தால்தான் கற்பித்தல் முறை வகுப்பு. அதற்குப் பிறகுதான் பள்ளிப் பயிற்சி. முதல் செமஸ்டரில் ஒரே ஒரு பாடத்தில் தவறிய மாணவருக்கு ஐந்தாம் ஆண்டுக் கட்டணம் தலையில் விழுவது இப்படித்தான். ஆகவே சேரும் முன்பே கோடை விடுமுறையில் பன்னிரண்டு மேஜர் ஸ்கேல்கள், மூன்று வகை மைனர் ஸ்கேல்கள், கீ சிக்னேச்சர்கள், இன்டர்வல்கள், மூன்று சுர கார்டுகள் இவற்றைத் தடுமாறாமல் எழுதும் அளவுக்குத் தயாராவது நல்லது. பேஸ் க்ளெஃப் (கீழ்ச் சுரங்களுக்கான குறியீடு) வாசிக்கவே பழகாத ட்ரம்பெட், ஃப்ளூட் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே பின்தங்குவார்கள். இரண்டு மாதம் பியானோவில் இடது கையை மட்டும் பழகினாலும் பெரிய வித்தியாசம் தெரியும்.

இரண்டாம் வாத்திய வகுப்புகள்: பட்டத்தின் உயிர்நாடி

பள்ளி ஆசிரியரின் வேலை தன் வாத்தியத்தை வாசிப்பது அல்ல. தான் வாசிக்காத பதினைந்து வாத்தியங்களைச் சொல்லிக் கொடுப்பது. அதற்காகவே மரக்காற்று, பித்தளை, தாளம், தந்தி என நான்கு குடும்பங்களுக்கும் தனித்தனி வகுப்புகள் உண்டு. பல்கலைக்கழகங்கள் அதிகம் கஞ்சத்தனம் காட்டுவதும் இங்கேதான். ஒரே செமஸ்டரில், 15 வாரத்தில், ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பசூன், சாக்ஸஃபோன் ஐந்தையும் அடக்கினால் ஒரு வாத்தியத்துக்கு மூன்று வாரம்தான். மூன்று வாரத்தில் ஓபோவில் ஒரு சீரான சுரம் வருவதே பெரிய காரியம். அதில் பிழை கண்டுபிடித்துத் திருத்தும் பார்வை வராது. மரக்காற்றுக்கு மட்டும் இரண்டு செமஸ்டர் ஒதுக்கி, இரட்டை ரீடு வாத்தியங்களைத் தனியாக நடத்தும் இடமே என் கணக்கில் தேறும்.

என்ன கற்றுத்தர வேண்டும் என்பதற்குக் கிளாரினெட்டையே எடுத்துக்கொள்ளலாம். ஆரம்ப மாணவரின் வாய் அமைப்பு சரியா என்று பார்க்க முழு வாத்தியமும் தேவையில்லை. மவுத்பீஸையும் அதற்கு அடுத்த சிறு குழாயான பேரலையும் மட்டும் மாட்டி ஊதச் சொன்னால் பியானோவின் எஃப் ஷார்ப் வர வேண்டும். அதற்குக் கீழே தொங்கினால் உதடு தளர்ந்திருக்கிறது, அல்லது ரீடு மிக மெலிது. ஆல்டோ சாக்ஸில் மவுத்பீஸ் மட்டும் ஊதினால் ஏ. அதற்கு மேலே போனால் பிள்ளை கடித்துப் பிடிக்கிறது. இதைத் தெரிந்த ஆசிரியர் முதல் வாரத்திலேயே நோயைக் கண்டுபிடித்துவிடுவார். தெரியாதவர் மூன்று மாதம் கழித்து, "ஏன் எல்லாரும் ஃப்ளாட்டா வாசிக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்.

அடுத்தது "பிரேக்", அதாவது கீழ்ப்பகுதிச் சுரங்களிலிருந்து மேல்பகுதிக்குத் தாண்டும் இடம். கிளாரினெட் எட்டாம் சுரத்துக்கு அல்ல, பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவும் வாத்தியம். அதனால் கீழ்ப்பகுதியின் கடைசிச் சுரமான பி ஃப்ளாட்டில் ஏறக்குறைய எல்லா விரலும் மேலே இருக்கும். அடுத்த பி நேச்சுரலில் எல்லாத் துளையும் மூடியிருக்க வேண்டும். இந்த இடத்தில் பிள்ளைகள் கிறீச்சிடுவார்கள். மேல்பகுதிக்குத் தாவப் பெருவிரலால் அமுக்கும் ரெஜிஸ்டர் கீதான் காரணம் என்று நினைத்துப் பெருவிரலைத் திருத்திக்கொண்டிருப்பது அனுபவமில்லாதவர் செய்யும் தவறு. பெரும்பாலும் குற்றவாளி மோதிர விரல்: துளையை முக்கால்வாசிதான் மூடியிருக்கும். மருந்து எளிது. ஜி, ஏ, பி ஃப்ளாட் வாசிக்கும்போதே வலது கை விரல்களைக் கீழே மூடி வைத்துக்கொள்ளச் சொல்வது. ஒலி கெடாது, தாண்டும்போது அசைய வேண்டிய விரல்கள் பாதியாகக் குறையும். இரண்டாம் வாத்திய வகுப்பு இந்த அளவு நுணுக்கத்துக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி. விரல் அட்டவணையை மனப்பாடம் செய்ய வைத்துத் தேர்வு வைக்கும் வகுப்பு நேர விரயம்.

பித்தளையிலும் அப்படித்தான். ட்ரம்பெட்டில் ஒன்றும் மூன்றும் சேர்த்து அமுக்கும் கீழ் டி, மூன்றையும் அமுக்கும் சி ஷார்ப் இரண்டும் சுருதி ஏறி, ஷார்ப்பாகத்தான் வரும். ஒவ்வொரு வால்வின் குழாயும் தனியாக அமுக்கும்போதைய அளவுக்கு வெட்டப்பட்டது. சேர்த்து அமுக்கும்போது குழாயின் மொத்த நீளம் கூடிவிடுவதால் அந்த அளவு போதாது. மூன்றாம் வால்வின் ஸ்லைடை வெளியே தள்ளித்தான் சரிசெய்ய வேண்டும். வாடகை வாத்தியத்தில் அந்த ஸ்லைடு இறுகிக் கிடந்தால் பிள்ளை என்ன செய்தும் சுருதி சேராது. ட்ராம்போனில் பி நேச்சுரலுக்கு ஸ்லைடைக் கடைசிவரை நீட்டும் ஏழாம் நிலை ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு எட்டாது. எஃப் அட்டாச்மென்ட் (கூடுதல் குழாயைத் திறக்கும் வால்வு) உள்ள வாத்தியத்தில் அந்த பி நேச்சுரலை இரண்டாம் நிலைக்குச் சற்றுக் கீழேயே பிடிக்கலாம். ஃப்ரெஞ்ச் ஹார்ன் ஹார்மானிக் வரிசையின் (ஒரே குழாய் நீளத்தில் இயல்பாக வரும் சுரங்களின்) மேல்பகுதியில் பாடும் வாத்தியம். அங்கே சுரங்கள் நெருக்கமாக இருப்பதால் ஒரே விரலமைப்பில் பக்கத்துச் சுரம் தவறி விழும். ஆகவே கொடுத்த சுரத்தைத் தொண்டையால் பிடித்துப் பாடத் தெரிந்த பிள்ளைக்கே ஹார்னைக் கொடுப்பார்கள். யாருக்கு எந்த வாத்தியம் என்று தேர்ந்து கொடுப்பதைப் பட்டத்தில் ஒரு பாடமாகவே நடத்தும் இடங்கள் உண்டு. சேரும் முன் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தாள வாத்திய வகுப்பு எத்தனையோ இடங்களில் ஸ்நேர் ட்ரம்மோடு முடிந்துவிடுகிறது. மரிம்பா போன்ற மாலட் வாத்தியமும், டிம்பனி என்ற பெரிய முரசுக்குச் சுருதி சேர்ப்பதும் இல்லாத வகுப்பில் படித்தவர், பள்ளியில் சுரம் வாசிக்கத் தெரியாத தாளக்காரர்களை ஆண்டுதோறும் உருவாக்குவார்.

தந்தி வகுப்பு பேண்டு மாணவர்களுக்கு வழக்கமாக ஒரே செமஸ்டர். உரிமமோ பேண்டு, ஆர்கெஸ்ட்ரா இரண்டுக்கும் செல்லும். வேலை தேடும்போது கிடைப்பது நடுநிலைப் பள்ளி ஆர்கெஸ்ட்ராவாக இருந்தால் அந்த ஒரு செமஸ்டரை வைத்துக்கொண்டுதான் சமாளிக்க வேண்டும். வில் பிடிப்பு, நான்கு வாத்தியங்களின் விரல் இடைவெளி, பெக் வழுக்கினால் என்ன செய்வது, இவ்வளவாவது கைப்பழக்கமாக வேண்டும். செல்லோவின் நான்கு தந்திகளையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் உள்ளே அழுத்தத்தால் மட்டும் நிற்கும் சவுண்ட் போஸ்ட் விழுந்துவிடும். தந்தியை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். இதை அறியாமல் கோடை விடுமுறைக்கு முன் எல்லா வாத்தியங்களையும் "பத்திரமாக" தளர்த்தி வைக்கும் புது ஆசிரியர்கள் ஆகஸ்டில் ரிப்பேர் பில் கட்டுகிறார்கள்.

டெக்சஸில் படித்து வேறு மாநிலத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டெக்சஸின் பெரிய மாவட்டங்களில் ஆறாம் வகுப்பில் கிளாரினெட்டுக்குத் தனி வகுப்பு, ட்ரம்பெட்டுக்குத் தனி வகுப்பு என்று பிரித்து நடத்துவார்கள். மற்ற பல மாநிலங்களில் எல்லா வாத்தியமும் ஒரே அறையில், சில இடங்களில் நான்காம் ஐந்தாம் வகுப்பிலேயே, வாரத்துக்கு ஓரிரு முறை. ஒன்றுக்குத் தயாரானவர் மற்றதில் தடுமாறுவார். பயிற்சிக் காலத்தில் இரண்டு வகையையும் பார்க்க வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

கையசைவு எளிது, காது கடினம்

கண்டக்டிங் வகுப்பில் இரண்டு, மூன்று, நான்கு அடித் தாளக் கையசைவை நான்கு வாரத்தில் கற்றுவிடலாம். வாசிப்பதில் எங்கே தப்பு என்று கேட்டறிவது நான்கு ஆண்டு வேலை. மேடையில் நின்று ஸ்கோரில் பதினெட்டு வரிகளைப் பார்த்துக்கொண்டே மூன்றாம் கிளாரினெட் எஃப் ஷார்ப்புக்குப் பதில் எஃப் நேச்சுரல் வாசித்ததைப் பிடிக்க வேண்டும். ஒலிப்பதிவுக்குக் கையசைக்க வைக்கும் வகுப்பில் அது வரவே வராது, ஏனென்றால் ஒலிப்பதிவு தவறாக வாசிப்பதில்லை. சக மாணவர்கள் தங்கள் இரண்டாம் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து நிஜமாகவே தடுமாறி வாசிக்கும் "லேப் பேண்டு" இருக்கிறதா என்று பாருங்கள். ட்யூபா மாணவர் ஓபோவோடு போராடும் அந்த அறை, உண்மையான ஆறாம் வகுப்புக்கு மிக நெருக்கமானது. அதில் பத்து நிமிடம் ஒத்திகை நடத்தி, அதை வீடியோ எடுத்து, பேராசிரியரோடு உட்கார்ந்து பார்ப்பதுபோல் வேறு பயிற்சி இல்லை. வீடியோவில் ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியவரும் குறைகள் இரண்டு: கண் ஸ்கோரை விட்டு எழவில்லை; நிறுத்திவிட்டு ஏன் நிறுத்தினோம் என்று சொல்லாமலே "மறுபடி" என்றாகிறது.

டிரான்ஸ்போஸிங்கும், அதாவது ஒலிக்கும் சுரத்தை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பெயரில் மாற்றிச் சொல்வதும், இங்கேதான் ரத்தத்தில் ஊற வேண்டும். பேண்டு முழுவதும் பி ஃப்ளாட் ஒலிக்க வேண்டுமானால் கிளாரினெட், ட்ரம்பெட் பிள்ளைகளிடம் சி என்று சொல்ல வேண்டும், ஆல்டோ சாக்ஸிடம் ஜி, ஹார்னிடம் எஃப், ஃப்ளூட், ஓபோ, ட்ராம்போன், ட்யூபாவிடம் அப்படியே பி ஃப்ளாட். யோசித்துச் சொல்ல ஐந்து விநாடி எடுத்தால் அந்த ஐந்து விநாடியில் வகுப்பு கலைந்துவிடும். டெக்சஸில் பள்ளிகளுக்கிடையே போட்டி நடத்தும் அமைப்பான யு.ஐ.எல்.-இன் மதிப்பீட்டில் கச்சேரி முடிந்த கையோடு, முன்பின் பார்க்காத ஒரு பாடலைக் கொடுத்து, சில நிமிடம் விளக்க மட்டும் அனுமதித்து வாசிக்க வைப்பார்கள். அங்கே ஆசிரியரின் ஸ்கோர் வாசிப்புதான் பிள்ளைகளைக் கரை சேர்க்கும்.

பள்ளிப் பயிற்சி

கடைசி செமஸ்டர் முழுநேரமும் பள்ளியில். டெக்சஸில் குறைந்தது 14 வாரம். மற்ற மாநிலங்களிலும் ஏறக்குறைய அந்த அளவே. பாதி தொடக்கப் பள்ளி அல்லது நடுநிலைப் பள்ளி, பாதி உயர்நிலைப் பள்ளி என்று பிரிப்பது வழக்கம். இதற்கு முன்பே இரண்டாம் ஆண்டிலிருந்து பள்ளிகளுக்குப் போய்ப் பார்க்கும் மணிநேரங்கள் உண்டு. அந்த மணிநேரங்களைப் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெழுதியே கழிக்கிறார்களா, ஐந்து கிளாரினெட் பிள்ளைகளைத் தனியறைக்கு அழைத்துப் போய்ச் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டாவதுதான் பயிற்சி.

பெயர் பெற்ற உயர்நிலைப் பள்ளி பேண்டில் இடம் கிடைத்தால் பலர் பெருமைப்படுவார்கள். அங்கே போட்டி நெருங்கும்போது பயிற்சி ஆசிரியருக்கு மேடை கிடைக்காது. நாற்காலி அடுக்கி, சுருதி மீட்டரைப் பிடித்துக்கொண்டே செமஸ்டர் கழியும். எண்பது பிள்ளைகளும் பழைய வாத்தியங்களும் உள்ள சாதாரண நடுநிலைப் பள்ளியில், அன்றாடம் இரண்டு வகுப்பை முழுதாக ஒப்படைக்கும் ஆசிரியரிடம் போவதே மேல். இந்த ஒதுக்கீட்டில் மாணவரின் சொல்லுக்கு எவ்வளவு இடம் தருகிறார்கள் என்பது பல்கலைக்கழகத்தைப் பொறுத்தது.

இந்தப் பட்டத்தின் மிகப் பெரிய அநீதி என்று நான் கருதுவது ஒன்று இங்கே இருக்கிறது. அந்த செமஸ்டரில் முழுநேர வேலை செய்யும் மாணவருக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது; அதற்கு மேல் பல்கலைக்கழகத்துக்கு முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். பெட்ரோல், கைரேகைப் பதிவு, தேர்வுக் கட்டணம் எல்லாம் கைக்காசு. பகுதிநேர வேலை கூடாது என்று சொல்லும் துறைகளும் உண்டு. அந்த நான்கு மாத வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் முதலாண்டிலிருந்தே தனியாக எடுத்து வைப்பது நல்லது.

உரிமத் தேர்வு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் டெக்செஸ் 177. பல மாநிலங்களில் ப்ராக்சிஸ் 5113: இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள், அவற்றில் ஒரு பகுதி ஒலியைக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டியவை. வாத்தியப் பிரிவு மாணவர்கள் இடறுவது பாடகர் குழு சம்பந்தப்பட்ட கேள்விகளிலும் இசை வரலாற்றிலும்தான். வீடியோவும் பக்கம் பக்கமாக விளக்கமும் அனுப்ப வேண்டிய எட்-டிபிஏ மதிப்பீட்டை நியூயார்க்கும் நியூ ஜெர்சியும் 2022-இல் கைவிட்டன. பழைய தகவலை நம்பி அதற்குப் பயப்பட வேண்டாம்.

பட்டம் சொல்லித் தராதவை

உரிமம் எல்லா வகுப்புக்கும் பொதுவானது என்பதால், சிறிய ஊரில் வேலை கிடைத்தால் காலையில் பேண்டு, மதியம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொது இசை, சாயங்காலம் கோரஸ் என்று அமையும். வாத்தியப் பிரிவில் குரல் வகுப்பும் தொடக்கப் பள்ளி இசை வகுப்பும் கட்டாயம் இல்லையென்றால் அந்த ஆசிரியர் தத்தளிப்பார். கிடாரும் அப்படித்தான், நிறையப் பள்ளிகளில் இப்போது கிடார் வகுப்பு உண்டு.

பணம், பொருள் நிர்வாகம் கிட்டத்தட்ட எங்குமே ஒழுங்காக இல்லை. நூறு வாத்தியங்களின் பதிவேடு, வாடகை ஒப்பந்தம், பெற்றோர் சங்கத்தின் நிதி திரட்டல், பஸ் ஏற்பாடு, ஸ்கோரை ஜெராக்ஸ் எடுத்தால் வரும் பதிப்புரிமைச் சிக்கல் எல்லாம் முதல் நாளிலிருந்து ஆசிரியர் தலையில். மாணவர்களிடமிருந்து வாங்கிய பணத்துக்கு அன்றன்றே ரசீது போட்டு அலுவலகத்தில் கட்டாமல் மேஜை இழுப்பறையில் வைத்தால் வேலைக்கே ஆபத்து. இதை ஒரு மணி நேர விரிவுரையாகவாவது சொல்லாத பட்டம் மாணவருக்குத் துரோகம் செய்கிறது.

ரிப்பேர் வகுப்பு வைத்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு என் பட்டியலில் தனி மதிப்பு. சிக்கிக்கொண்ட மவுத்பீஸைக் குறடு போட்டு இழுத்தால் குழாய் முறுக்கிக்கொள்ளும். அதற்கென்று உள்ள புல்லரை மாட்டித் திருகினால் அரை நிமிடத்தில் வந்துவிடும். கழன்ற ஸ்ப்ரிங்கை ஊசியால் திரும்ப மாட்டுவது, விழுந்த பேடை ஒட்டுவது, கிளாரினெட் கார்க்கை மாற்றுவது, இந்த நான்கு வேலை தெரிந்தால் பள்ளியின் ரிப்பேர் பட்ஜெட்டில் கணிசமான பகுதி மிஞ்சும்.

கர்நாடக இசை கற்ற பிள்ளைகளுக்கு

கர்நாடக வயலின், புல்லாங்குழல், மிருதங்கம் கற்ற பிள்ளைகள் இந்தப் பட்டத்துக்கு வரும்போது ஒரு பலமும் சில தடைகளும் கூடவே வரும். பலம் செவி. "ச" எங்கே வைத்தாலும் மற்ற சுரங்களை அதைக் கொண்டே அளக்கும் பழக்கம், இங்கே செவிப்பயிற்சியில் நடத்தும், "டோ"வை எந்தச் சுருதியிலும் வைக்கும் மூவபிள் டோ முறைக்கு அப்படியே பொருந்தும். ஒற்றை மெலடியைக் கேட்டு எழுதுவதில் இவர்கள் வகுப்பிலேயே முன்னால் நிற்பார்கள். நான்கு குரல் ஒன்றாக நகரும்போது பேஸ் எங்கே போகிறது என்று கேட்பதில்தான் பின்தங்குவார்கள், ஏனென்றால் அந்தக் காது பழக்கப்படவே இல்லை. பியானோவில் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் கார்டு வரிசைகளை வாசித்து, அடிச்சுரத்தை மட்டும் பாடிப் பழகினால் ஓராண்டில் ஈடுகட்டலாம்.

ஆடிஷன் முழுக்க மேற்கத்திய முறைதான். ஸ்கேல்கள், ஒன்றிரண்டு தனிப்பாடல்கள், பார்த்ததும் வாசிப்பது. தரையில் அமர்ந்து சுருள் முனையைக் கணுக்காலில் ஊன்றி வாசித்துப் பழகிய வயலின்காரருக்கு, அந்த ஊன்றுதல் இப்போது இருக்காது; இடது கை முன்போலவே விடுதலையாக நகர, தோளும் தாடையும் வாத்தியத்தைத் தாங்கப் புதிதாகப் பழக வேண்டும். அதற்கு ஓராண்டுக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொண்டு பதினோராம் வகுப்பிலேயே மேற்கத்திய ஆசிரியரிடம் போவது நல்லது. மிருதங்கத்தை முதன்மை வாத்தியமாக ஏற்கும் ஆசிரியர் பட்டத்தை எதிர்பார்க்க வேண்டாம். தாளப் பிரிவில் நுழைய ஸ்நேர் ட்ரம்மின் 40 ருடிமென்ட்கள் (அடிப்படைக் கைப் பாடங்கள்), மரிம்பா, டிம்பனி தேவை. ஆனால் கொன்னக்கோல் தெரிந்த மாணவருக்கு ஐந்தும் ஏழும் கலந்த தாளங்கள் சிரமமே தராது. பின்னாளில் ஆசிரியராகும்போது சொற்கட்டு சொல்லித் தாளம் கற்பிப்பது பெரிய கொடை. ஓபோ எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு, நாதஸ்வரச் சீவாளியும் இரட்டை ரீடுதான் என்பது நல்ல அறிமுகமாக இருக்கும்.

கர்நாடக இசையையே பல்கலைக்கழக அளவில் படிக்க வேண்டுமென்றால் அதற்குத் தனி இடங்கள் உண்டு. கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டி. ரங்கநாதனும் டி. விஸ்வநாதனும் பல்லாண்டு கற்பித்தார்கள். அந்தப் படிப்பின் நோக்கம் வேறு. பள்ளி ஆசிரியர் உரிமத்தை மனதில் வைத்து அதில் சேரக் கூடாது.

எவ்வளவு கட்டலாம்

அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் மாவட்டத்தின் அட்டவணைப்படி. அனுபவ ஆண்டும் பட்டத்தின் நிலையும் மட்டுமே அதைத் தீர்மானிக்கும். மார்ச்சிங் பேண்டு நடத்தினால் தனிப்படி உண்டு. விலையுயர்ந்த தனியார் கன்சர்வேட்டரியில் (இசைக்கென்றே உள்ள கல்லூரியில்) படித்தவருக்கும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கும் முதலாண்டுச் சம்பளம் ஒன்றே. ஆகவே பெரிய கடன் வாங்கி இந்தப் பட்டத்தைப் படிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குறைந்த வருமானப் பகுதிப் பள்ளியில் தொடர்ந்து ஐந்து ஆண்டு வேலை செய்தால் கிடைக்கும் கூட்டாட்சிக் கடன் தள்ளுபடி, கணித ஆசிரியருக்கு 17,500 டாலர் வரை. இசை ஆசிரியருக்கு 5,000 வரைதான். பொதுச் சேவைக் கடன் தள்ளுபடிக்கு 120 மாதத் தவணை கட்டியாக வேண்டும்.

உதவித்தொகையை ஆடிஷன் தீர்மானிக்கும். பேண்டில் ஆள் குறைவாக உள்ள வாத்தியங்களுக்குப் பணம் அதிகம் வரும்; ஓபோ, பசூன், ஹார்ன், டபுள் பேஸ் வாசிப்பவர்கள் தயங்காமல் பேரம் பேசலாம். டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிமாநில மாணவர் ஆண்டுக்கு 1,000 டாலராவது போட்டி அடிப்படையிலான உதவித்தொகை பெற்றால் உள்மாநிலக் கட்டணத்துக்குத் தகுதி பெற வழி இருக்கிறது. அந்த ஆயிரம் டாலர் உண்மையில் பல ஆயிரங்களுக்குச் சமம். உதவித்தொகைக் கடிதம் வந்ததும் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ எஃப்-1 விசாவில் வர நினைப்பவர்களுக்குக் கணக்கு வேறு. இசைக் கல்வி ஸ்டெம் பட்டியலில் இல்லாததால் படிப்புக்குப் பின் வேலை செய்ய அனுமதிக்கும் ஓ.பி.டி. 12 மாதம் மட்டுமே. 24 மாத நீட்டிப்பு கிடையாது. பள்ளி ஆண்டு ஆகஸ்டில் தொடங்குவதால் அந்தப் பன்னிரண்டு மாதம் ஒரே ஒரு பள்ளி ஆண்டோடு முடிந்துவிடும். அதற்குள் எச்-1பி கொடுக்க முன்வரும் மாவட்டம் கிடைப்பது அரிது. அமெரிக்காவில் வேலை என்ற எண்ணத்தோடு வருபவருக்கு இந்தப் பட்டம் ஏற்றதல்ல.

வேறு மாநிலத்தில் வேலைக்குப் போனால் உரிமத்தை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கூடுதல் தேர்வோ பாடமோ கேட்பார்கள். எங்கே வாழப் போகிறோம் என்று தெரிந்தால் அந்த மாநிலத்திலேயே படிப்பது லாபம். அங்கே பயிற்சி தந்த ஆசிரியர்கள்தான் பிறகு வேலைக்கு ஆள் எடுப்பார்கள் அல்லது பரிந்துரைப்பார்கள்.

ஆடிஷன் நாளில் வளாகத்தைச் சுற்றிக் காட்டும்போது பெரும்பாலும் கச்சேரி அரங்கத்தைத்தான் காட்டுவார்கள். அதைப் பார்த்து முடித்ததும் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள். நான்காண்டுப் பாடத் திட்டத்தில் எந்த வகுப்பு எந்தச் செமஸ்டரில் மட்டும் நடக்கும் என்ற அட்டவணை. அன்றைக்கு நடக்கும் ஏதாவது ஒரு இரண்டாம் வாத்திய வகுப்பில் பதினைந்து நிமிடம் உட்கார அனுமதி. அதை நடத்துவது அந்த வாத்தியத்தின் பேராசிரியரா, முதுகலை மாணவரா என்று அங்கேயே தெரிந்துவிடும். கடைசியாக, வாத்திய அலமாரி. மாணவர்களுக்குக் கொடுக்கும் ஓபோவும் பசூனும் எத்தனை இருக்கின்றன, அவற்றில் இன்று எடுத்து வாசிக்கக்கூடியவை எத்தனை, ரீடு வாங்கும் செலவு யாருடையது என்று கேளுங்கள்.